மகனைப் பறிகொடுத்த தாய்க்கு நீதிமன்றம் தர வேண்டியது என்ன?

வாசகர் கேள்வி – பதில்

சிறார் குற்றங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 1993-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் அருகே நடந்த ஜேம்ஸ் பல்ஜர் கொலை வழக்கை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களைப் படித்த பிறகு, இந்த முறை முழுப் பகுதியையும் அந்த வழக்குக்கே ஒதுக்குவதுதான் முறை என்று பட்டது. கொலை செய்த இரண்டு சிறுவர்களின் பெயர்களும் உலகறிந்தவை. ஆனால் இங்கே பேசப்போகும் விஷயத்துக்கு அவை தேவைப்படவில்லை; ஆகவே எழுதவில்லை. குழந்தைக்கு நேர்ந்த காயங்களின் விவரமும் இங்கே இடம்பெறாது.

கேள்வி: அந்த வழக்கைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுங்கள் ஐயா. பத்து வயதுப் பிள்ளைகள் இப்படியொரு காரியத்தைச் செய்ய முடியும் என்பதையே என் மனம் ஏற்க மறுக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

1993 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. பூட்டில் என்ற ஊரில் ஸ்ட்ராண்ட் என்னும் கடைவளாகத்துக்கு டெனிஸ் என்ற இளம் தாய் தன் மகன் ஜேம்ஸுடன் வந்திருந்தார். ஜேம்ஸுக்கு மூன்றாவது பிறந்தநாள் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. கறிக்கடையில் பணம் எடுப்பதற்காகத் தாய் குழந்தையின் கையை விட்டார். பணப்பையைத் திறந்து மூடும் நேரத்துக்குள் கடை வாசலில் நின்ற குழந்தையைக் காணவில்லை. அன்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அந்த வளாகத்தில் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் அவனை அழைத்துக்கொண்டு போயிருந்தார்கள். இருவருக்கும் வயது 10.

வளாகத்தின் கண்காணிப்புக் கேமராவில் பிற்பகல் 3.42 மணிக்குப் பதிவான ஒரு மங்கலான படம் பிறகு உலகம் முழுவதும் பரவியது. அதில் சிறுவர்களில் ஒருவன் குழந்தையின் கையைப் பிடித்திருக்கிறான். குழந்தை அண்ணாந்து கையை உயர்த்தி அவனோடு நடக்கிறான். அந்தப் படத்தில் வன்முறை என்று எதுவுமே இல்லை. தெரியாத ஒருவர் பார்த்தால் தம்பியைக் கூட்டிப்போகும் அண்ணன் என்றுதான் நினைப்பார். அன்று வழியில் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து, வால்ட்டன் பகுதியிலுள்ள ரயில் பாதையில் அந்தக் குழந்தை கொல்லப்பட்டான். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, உடல் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டு சிறுவர்களையும் போலீஸ் கைது செய்தது. அவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த வேன்களை, வெளியே திரண்டிருந்த கூட்டம் தாக்க முற்பட்டது.

பிரெஸ்டன் நகரில், பெரியவர்களை விசாரிக்கும் கிரௌன் நீதிமன்றத்தில் நவம்பர் மாதம் விசாரணை நடந்தது. நவம்பர் 24 அன்று இருவரும் கொலைக் குற்றவாளிகள் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. அதுவரை ‘பிள்ளை ஏ’, ‘பிள்ளை பி’ என்று மட்டும் குறிப்பிடப்பட்டவர்களின் பெயர்களையும் படங்களையும் வெளியிடலாம் என்று நீதிபதி மார்லண்ட் அனுமதித்தார். மறுநாள் முதல் அவர்கள் இங்கிலாந்தில் அதிகமாக வெறுக்கப்பட்ட இரண்டு மனிதர்கள் ஆனார்கள். அப்போது அவர்களுக்கு வயது 11.

பத்து வயதில் இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு மனநல மருத்துவர்களும் எழுத்தாளர்களும் நீதிபதிகளும் முப்பது ஆண்டுகளாகப் பல விடைகள் சொல்லியிருக்கிறார்கள்: வீட்டில் அடி உதை, குடும்ப உடைவு, பள்ளியில் தோல்வி என்று. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதே சூழலில் வளர்ந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எவரையும் கொல்லவில்லை என்பதும் அதே அளவு உண்மை. எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. கிடைத்ததுபோல எழுதுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

கேள்வி: வீடியோ படங்களே காரணம் என்று அப்போதே பத்திரிகைகளில் படித்த நினைவு. உண்மையா? (வாசகர், ஈரோடு)

வன்முறை வீடியோக்களைப் பார்த்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நீதிபதி ஒரு வாக்கியம் சொன்னார். உடனே ஒரு குறிப்பிட்ட பேய்ப்பொம்மைப் படத்தின் மீது நாடே பாய்ந்தது. அந்தச் சிறுவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்பதற்குப் போலீஸ் விசாரணையில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

கேள்வி: பெரியவர்களை விசாரிக்கும் மன்றத்தில் பத்து வயதுப் பிள்ளைகளை நிறுத்தியது தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். குழந்தையைக் கொன்றவர்களுக்கு மனித உரிமை பேசுவது, அந்தத் தாயின் காயத்தில் உப்பைத் தேய்ப்பது ஆகாதா? (வாசகி, தஞ்சாவூர்)

உங்கள் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது, அம்மா. தீர்ப்பு என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை என்பதை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் குற்றப் பொறுப்புக்கான வயது 10, இன்றும் அதுவேதான். ஆனால் அப்போது 10 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, தான் செய்தது மிகத் தவறு என்று அறிந்தே செய்தது என்பதை அரசுத் தரப்பு தனியாக நிரூபிக்க வேண்டும் என்ற பழைய விதி ஒன்று இருந்தது. இந்த வழக்கில் அதை நிரூபித்தார்கள். 1998-இல் அந்த விதியையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 டிசம்பர் 16 அன்று அளித்த தீர்ப்பில், பத்து வயதுப் பிள்ளைகள் மீது குற்ற வழக்குத் தொடுத்ததே தவறு என்று சொல்லவில்லை. அவர்களை மனிதத்தன்மையற்ற முறையில் நடத்தினார்கள் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. விசாரணை நடந்த விதத்தைப் பொறுத்தவரை, நியாயமான விசாரணை என்ற உரிமை மீறப்பட்டது என்று மட்டுமே சொன்னது.

எப்படி மீறப்பட்டது என்பதற்கு அந்த நீதிமன்றக் கூடத்தை நினைத்துப் பார்த்தால் போதும். குற்றவாளிக் கூண்டு பெரியவர்களின் உயரத்துக்குக் கட்டப்பட்டது. உள்ளே உட்கார்ந்த பிள்ளைகளுக்கு வெளியே எதுவும் தெரியாது என்பதால், அதன் தரையை மரப்பலகை வைத்து உயர்த்தினார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டின் விளைவு, கூடம் நிறைந்த பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் அவர்களை இன்னும் நன்றாக உற்றுப் பார்க்க முடிந்தது என்பதுதான். விசாரணை நேரத்தைப் பள்ளி நேரத்துக்கு ஏற்பக் குறைத்தார்கள், இடைவேளைகளும் விட்டார்கள். ஆனாலும் பொய்முடி தரித்த நீதிபதி, அங்கி அணிந்த வழக்கறிஞர்கள், மூன்று வாரமாகக் குத்தும் கண்கள் ஆகியவற்றுக்கு நடுவே அவர்களால் தம் வழக்கறிஞரிடம் நடந்ததைச் சொல்லவோ, அங்கே நடப்பதைப் பின்தொடரவோ முடியவில்லை என்று மனநல மருத்துவர்கள் சான்றளித்தார்கள். சாட்சியம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, கைதுக்கும் தீர்ப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் அவர்களுக்கு மனநலச் சிகிச்சையும் தரப்படவில்லை.

இது கொலையாளிகளின் வசதி பற்றிய பிரச்சினை மட்டுமா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தாய்க்கு ‘என் பிள்ளைக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது’ என்ற கேள்வியைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அந்த இருவரின் வாயையும் அடைத்துவிடும்படி ஒரு விசாரணையை நடத்திவிட்டு, அதைக் குடும்பத்துக்குச் செய்த நீதி என்று அழைத்தார்கள். தன்னை விளங்கச் சொல்ல முடியாத ஒரு பிள்ளையை விசாரிப்பதால் பலியானவரின் குடும்பத்துக்குக் கிடைப்பது குற்றவாளி என்ற அறிவிப்பு. உண்மை அதற்குள் அடங்கிவிடுவதில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி புதிய நடைமுறை விதிகளை வெளியிட்டார்: பிள்ளைகள் மீதான வழக்கில் எல்லாரும் ஒரே மட்டத்தில் அமர வேண்டும், அங்கியும் பொய்முடியும் பொதுவாக வேண்டாம், பிள்ளை தன் பெற்றோருக்கு அருகில் உட்காரலாம். ஏழு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்திருந்தால் ஜேம்ஸின் பெற்றோர் இழப்பதற்கு எதுவும் இருந்திருக்காது.

கேள்வி: கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தாய்க்காக லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டும், அந்த இருவரும் எட்டே ஆண்டில் வெளியே வந்துவிட்டார்களே. மக்கள் குரலுக்கு மதிப்பு இல்லையா? (வாசகர், திருவாரூர்)

திருவாரூரிலிருந்து இந்தக் கேள்வி வராமல் வேறு எங்கிருந்து வரும்! இந்த இதழில் அதிக நேரம் செலவிட வேண்டிய கேள்வியும் இதுதான்.

நடந்தது இது. குறைந்தபட்சம் எத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்பதற்கு விசாரணை நீதிபதி பரிந்துரைத்தது 8 ஆண்டு. தலைமை நீதிபதி அதை 10 ஆக்கினார். முடிவெடுக்கும் அதிகாரம் அன்று உள்துறை அமைச்சரிடம் இருந்தது. ஜேம்ஸின் குடும்பத்தார் திரட்டிய மனுவில் ஏறத்தாழ 2,80,000 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒரு நாளிதழ், ஆயுள் முழுக்க அவர்களை அடைத்து வையுங்கள் என்ற வாசகத்தோடு கூப்பன் அச்சிட்டது. அதை வெட்டி அனுப்பியவர்கள் 20,000-க்கும் மேல். அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் 1994-இல் அதை 15 ஆண்டாக உயர்த்தினார். 1997-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அந்த முடிவைச் சட்டவிரோதம் என்று ரத்து செய்தார்கள். தண்டனையை நிர்ணயிப்பவர் நீதிபதியைப்போல நடந்துகொள்ள வேண்டும், கூப்பன்களை எண்ணிப் பார்க்கக் கூடாது என்பதும், வளரும் பிள்ளையின் மாற்றத்தைக் கணக்கில் எடுக்கவே முடியாதபடி ஆண்டுகளை இறுக்கிவிடக் கூடாது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். 1999-இல் ஐரோப்பிய நீதிமன்றம், தண்டனைக் காலத்தை அரசியல்வாதி தீர்மானிப்பதே தவறு என்றது. 2000 அக்டோபரில் தலைமை நீதிபதி வுல்ஃப் மீண்டும் 8 ஆண்டு என்று நிர்ணயித்தார். பாதுகாப்பு இல்லத்தில் அவர்கள் படித்துத் தேறியிருக்கிறார்கள், இளங்குற்றவாளிகள் சிறைக்கு அனுப்பினால் அந்த முன்னேற்றம் அரித்துப்போகும் என்பது அவருடைய வாதம். 2001 ஜூனில் இருவரும் 18 வயதில் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் ஆயுள் முழுக்க நிபந்தனைக்கு உட்பட்ட விடுதலை அது. மீறினால் மறுபடி சிறை.

எண்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: 8, 10, 15, ரத்து, மறுபடி 8. ஒவ்வொரு எண்ணும் மாறியபோது அந்தத் தாய்க்கும் தந்தைக்கும் அது தொலைக்காட்சிச் செய்தியாகவே வந்து சேர்ந்திருந்தாலும் வியப்பில்லை. 15 ஆண்டு என்று அமைச்சர் சொன்னது சட்டத்தில் நிற்காது என்பதை அறிந்தவர்கள் அன்றே இருந்தார்கள். குடும்பத்தின் துயரத்தை முன்னால் நிறுத்தித் தம் செல்வாக்கைக் காத்துக்கொண்டவர்களுக்கு அதனால் நட்டம் எதுவும் வரவில்லை. வாக்குக் கொடுக்கப்பட்டு, பிறகு பிடுங்கப்பட்ட வலியை இரண்டு பெற்றோர்தான் சுமந்தார்கள். இதை நான் அந்த வழக்கின் பெரிய கொடுமைகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

இனி மணிக்கு வருவோம். மனுநீதிச் சோழனின் கதையில் நாம் தேர்ச்சக்கரத்தையே பார்க்கிறோம். அதற்கு முன்னால் மணி இருக்கிறது. வாயில்லாத ஒரு பசு வந்து இழுத்தாலும் அரண்மனைக்குள் கேட்க வேண்டும் என்று கட்டிவைத்த மணி. மணியோசை கேட்டதும் அரசனே இறங்கி வந்து என்ன நடந்தது என்று விசாரிக்கிறான். ஆங்கிலக் குற்றவியல் சட்டத்தில் வழக்கு என்பது அரசுக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் இடையிலானது. இறந்த குழந்தையின் பெற்றோர் அதில் ஒரு தரப்பு அல்ல. 2001-இல் ஜேம்ஸின் தந்தை ரால்ஃப், தலைமை நீதிபதியின் 8 ஆண்டு முடிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, அதைக் கேட்க அவருக்குச் சட்டப்படி இடமில்லை என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

அதே வழக்கில் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. என் மொத்தக் கருத்தும் அதைச் சார்ந்தது. காலத்தை நிர்ணயிக்கும் முன் வுல்ஃப், ஜேம்ஸின் மரணம் தங்களை எப்படிப் பாதித்தது என்று எழுதித் தரும்படி குடும்பத்தைக் கேட்டிருந்தார். எத்தனை ஆண்டு தர வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. முதல் பார்வைக்கு இது இரக்கமற்ற பிரிவினையாகத் தோன்றும். யோசிக்க யோசிக்க எனக்கு இது சரியென்றே படுகிறது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ‘எத்தனை ஆண்டு போதும்’ என்று கேட்டால் அவர் எந்த எண்ணைச் சொல்ல முடியும்? எந்த எண்ணைச் சொன்னாலும், அது அவர் மகனின் உயிருக்கு அவரே போட்ட விலையாகிவிடும். குறைத்துச் சொன்னால் மகனுக்குத் துரோகம். கூட்டிச் சொன்னால் பழிவாங்குகிறார் என்ற பேச்சு. அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றாமல் இருப்பதும் அரசின் கடமைதான். ஆனால் அவரைக் கேட்காமலே இருப்பது, அவருக்குச் சொல்லாமலே முடிவெடுப்பது, அறிவிப்புக்குப் பிறகு கைவிடுவது ஆகியவற்றுக்கு இந்த வாதம் ஒருபோதும் மன்னிப்பாகாது. குடும்பத்துக்கு அரசு பட்ட கடன் ஒன்று. குற்றம் செய்த பிள்ளையிடம் வசூலிக்க வேண்டியது வேறொன்று. இரண்டாவதில் கூடுதலாக வசூலித்து முதலாவதை அடைத்துவிட்டதாகக் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கு நேராகவே இல்லை.

பிற்காலத்தில் சில மாற்றங்கள் வந்தன. குற்றத்தால் தமக்கு நேர்ந்ததைக் குடும்பத்தார் தம் சொற்களிலேயே நீதிமன்றத்தில் பதிவு செய்யும் முறை 2001 அக்டோபரில் இங்கிலாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பரோல் வாரியத்தின் முன்னும் அத்தகைய அறிக்கையை வைக்கலாம். ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம்கூட ஜேம்ஸின் பெற்றோரை எழுத்து மூலம் கருத்துரைக்க அனுமதித்திருந்தது. மணி கட்டப்பட்டுவிட்டது என்று சொல்லலாம், கொஞ்சம் தாமதமாக.

கேள்வி: நார்வேயில் இதேபோல் நடந்தபோது அந்தப் பிள்ளைகளை மன்னித்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்களாமே? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

1994 அக்டோபர் 15 அன்று, டிரொண்ட்ஹெய்ம் நகரில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, உடன் விளையாடிய ஆறு வயதுச் சிறுவர்களால் அடிக்கப்பட்டுப் பனியில் உயிரிழந்தது. சிறுவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை, வழக்கும் இல்லை. குழந்தைகள் நல அதிகாரிகளின், மனநல வல்லுநர்களின் கண்காணிப்பில் அவர்கள் மழலையர் பள்ளிக்குத் திரும்பினார்கள். ‘நார்வே மன்னித்தது, இங்கிலாந்து பழிவாங்கியது’ என்று இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது.

எனக்கு அந்த ஒப்பீட்டில் ஒரு தயக்கம் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையை இங்கிலாந்திலும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. ஆறுக்கும் பத்துக்கும் இடையில் ஒரு பிள்ளையின் அறிவு வளரும் தூரம், தொடக்கப் பள்ளி ஆசிரியர் எவரையும் கேட்டால் தெரியும். ஆனால் பத்து வயதாக இருந்திருந்தாலும் நார்வேயில் வழக்கு வந்திருக்காது, ஏனெனில் அங்கே குற்றப் பொறுப்பு 15 வயதில்தான் தொடங்குகிறது. அந்த அளவில் ஒப்பீடு செல்லும். ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழு 2019-இல், எந்த நாடும் இந்த வயதை 14-க்குக் கீழே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஸ்காட்லாந்து தன் வயதை 12-ஆக உயர்த்திக்கொண்டது. இங்கிலாந்தும் வேல்ஸும் 10-இலேயே நிற்கின்றன. ஜேம்ஸின் பெயரைச் சொல்லித்தான் நிற்கின்றன என்றுகூடச் சொல்லலாம்.

‘மன்னிப்பு’ என்ற இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வழக்கு போடாமல் இருப்பது நாடு எடுக்கும் முடிவு. மன்னிப்பது அந்தக் குழந்தையின் தாய் தந்தையருக்கு மட்டுமே உரியது. அவர்கள் மன்னிக்காமலும் இருக்கலாம், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நாடு காட்டிய பெருந்தன்மைக்குப் பெற்றோரின் கையெழுத்தையும் சேர்த்து வாங்கப் பார்ப்பது தவறு.

கேள்வி: கொன்றவர்களுக்குப் புதுப் பெயர், புது வாழ்க்கை. பறிகொடுத்தவர்களுக்கு? (வாசகி, சேலம்)

2001 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ், அந்த இருவரின் புதிய அடையாளத்தை எவரும் எக்காலத்திலும் வெளியிடக் கூடாது என்று தடை விதித்தார். வெளியிட்டால் அவர்கள் கொல்லப்படுவார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. தொடர்பே இல்லாத ஆண்களை ‘அவன்தான் இவன்’ என்று நினைத்து மிரட்டிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2013-இல் அவர்களுடையவை என்று படங்களை இணையத்தில் இட்ட இருவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. 2019-இல் ஜேம்ஸின் தந்தையும் அவருடைய சகோதரரும் அந்தத் தடையைத் தளர்த்தக் கோரிய மனுவும் தள்ளுபடியானது. தடை சரி என்பதே என் கருத்து.

ஆனால் உங்கள் கேள்வி அதைப் பற்றியது அல்ல. இருவரில் ஒருவர் 2010-இல் மறுபடியும் சிறைக்கு அழைக்கப்பட்டார். காரணத்தை அரசு முதலில் சொல்ல மறுத்தது. குழந்தைகளை இழிவுபடுத்தும் படங்களைக் கணினியில் வைத்திருந்த குற்றம் அது என்பது பிறகே தெரிந்தது. 2013-இல் வெளியே வந்தவர் 2017-இல் அதே குற்றத்துக்காக மறுபடி பிடிபட்டார். 2018-இல் 40 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2023 டிசம்பரில் அவருடைய பரோல் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மற்றவர் மீது அப்படி எதுவும் செய்தியில் வந்ததில்லை. எட்டு ஆண்டுப் பராமரிப்பு ஒருவரிடம் தோற்றது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சிறைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும், பரோல் விசாரணை வரும் ஒவ்வொரு முறையும், அந்தத் தாயின் வீட்டு வாசலில் நிருபர்கள் நிற்கிறார்கள். 3.42 மணிப் படம் மறுபடி அச்சாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் அந்தக் குழந்தையை எல்லாரும் ஜேம்ஸ் என்றுதான் அழைத்தார்கள். பத்திரிகைகள் ‘ஜேமி’ என்று சுருக்கி அச்சிட்டன. தாய் எத்தனையோ முறை மறுத்தும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொன்றவர்கள் தம் பெயரை நீதிமன்றத்தின் மூலம் மறைத்துக்கொள்ள முடிந்தது. இறந்த குழந்தையின் பெயரைச் சரியாக எழுத வைக்க அந்தத் தாயால் முடியவில்லை. பறிகொடுத்தவர்களுக்கு என்ன என்ற உங்கள் கேள்விக்கு, தகவல் முன்கூட்டியே வீட்டுக்கு வர வேண்டும், வாசலில் கூட்டம் நிற்கக் கூடாது, அந்தப் படத்தைப் போடும் முன் ஒருமுறை கேட்க வேண்டும், மனநல ஆதரவு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும் என்று சின்னச் சின்னதாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. எதற்கும் பெரிய சட்டம் தேவையில்லை.

கேள்வி: நானும் ஒரு தாய். என் கவனக்குறைவால்தான் என் குழந்தை விபத்தில் இறந்தது என்று உறவினர்களே சொல்லக் கேட்டவள். அந்தத் தாயை அந்த ஊர் எப்படி நடத்தியது? (பெயர் வேண்டாம்)

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், அம்மா. ‘கையை ஏன் விட்டாள்’ என்ற பேச்சு அந்தத் தாயையும் விடவில்லை. ஜேம்ஸுக்கு முன் அவருக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்திருந்தது. அதனாலேயே ஜேம்ஸை அவர் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். விசாரணை நடந்தபோது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பெரும்பாலான நாட்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. தீர்ப்பு நாளில் மட்டும் வந்தார். சில ஆண்டுகளில் கணவரோடான மணவாழ்க்கையும் முறிந்தது. கையை விட்ட அந்தச் சில நொடிகளுக்காகத் தன்னையே நெடுங்காலம் குற்றவாளியாக நிறுத்திக்கொண்டதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மகன் பெயரில் ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார்.

கையில் குழந்தையோடு கடைக்குப் போய்ப் பணம் எடுக்கும் எந்தத் தாயும் கையை விடத்தான் வேண்டும். அந்த நான்கு கிலோமீட்டரில் குழந்தையை நேரில் பார்த்த 38 பேர் இருந்தார்கள். அழுகிறானே என்று நிறுத்திக் கேட்டவர்களும் உண்டு. ‘தம்பி’ என்றும், ‘வழிதவறிய குழந்தை, போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போகிறோம்’ என்றும் சிறுவர்கள் சொன்னதை நம்பி விட்டுவிட்டார்கள். அவர்களில் பலர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது உடைந்து அழுதார்கள். அவர்கள் மீதும் ஊர் பழி போட்டது. நல்லவர்கள் நல்லவிதமாக நம்பியது குற்றமாகாது. கையை விட்டதும் அப்படியே. உங்கள் உறவினர்கள் சொன்னது தவறு. அதை அவர்கள் துயரத்தில் சொல்லியிருக்கலாம், இருந்தாலும் தவறு தவறுதான்.

கேள்வி: நம் ஊரில் இப்படி ஒரு வழக்கு வந்தால் பறிகொடுத்த குடும்பம் யாரிடம் போவது? (வழக்கறிஞர் அல்லாத வாசகர், மதுரை)

நம் சட்டத்தில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமே ஆகாது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் என்றால், செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லாதபோது குற்றமாகாது. இங்கிலாந்து 1998-இல் கைவிட்ட பழைய விதியின் சாயல் இது. பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் முதலில் கொண்டுசெல்வது இளைஞர் நீதிக் குழுமத்திடம். அங்கே அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். பதினாறு வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டால் மட்டும், முதல்நிலை மதிப்பீட்டுக்குப் பின் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். மரண தண்டனையும், விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் விதிக்க முடியாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. பலியான குழந்தைக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

குடும்பத்துக்கு உள்ளவை: பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் சட்டப்படி வாரிசுகளும் அடங்குவர் என்பதால், விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கும் வழி உண்டு. அதற்கும், இலவசமாக வழக்கறிஞர் பெறுவதற்கும் போக வேண்டிய இடம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு இந்த இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. ஆகவே மனுவைத் தாயின் பெயரில் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதை இலவசமாகக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.